ஒட்டிய தலை

"தலை" என்று வாசித்ததும் லிஃப்ட்காரருக்குக் குரல் நின்றுவிட்டது.

கட்டிலில் கண் மூடிக் கிடந்த மனைவி, போர்வைக்கு மேலிருந்த ஒரு விரலை மட்டும் அசைத்தாள். கட்டுரையை மேலே படி என்று அர்த்தம். காலையிலிருந்து பாதிப் பேச்சை அந்த விரல்தான் பேசிக்கொண்டிருந்தது.

"தொண்டை கட்டுது. தண்ணி குடிச்சிட்டு வரேன்."

"மூணு பக்கத்துக்கு நாலு தடவை தண்ணி குடிச்சாச்சு," என்றாள் அவள். "சரி, போயிட்டு வாங்க. பூச்சி எங்கயும் பறந்துடாது. அது செத்து ஒன்பது வருஷமாச்சு."

அவர் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, குடிக்காமல் ஓடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். காலையில் வந்த நர்ஸம்மா இதே இடத்தில் கை கழுவிக்கொண்டே, "பொண்ணு வரதா இருந்தா இன்னிக்கே வந்துடட்டும் சார்," என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மகள் ரயில் ஏறிவிட்டாள். ஆறு மணிக்கு வந்து சேருவாள். ஆனால் மனைவிக்கு இன்று முக்கியம் ஆறு மணி அல்ல, ஐந்து மணி. ஐந்துக்குள் கட்டுரையின் அச்சுப்படியைச் சரிபார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஆய்விதழிலிருந்து எழுதியிருந்தார்கள். பிழை இல்லையென்றால் 'சரி' என்று ஒரு வரி போதுமாம். அந்த ஒரு வரி போய்ச் சேர்ந்தால் உலகத்தின் தேனீக் கணக்கில் ஓர் இனம் கூடிவிடும்.

அப்படி ஒன்று கூடிவிடக் கூடாது என்பது லிஃப்ட்காரர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அவர் முப்பத்தாறு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். அந்தத் தொழிலில் நல்ல வேலைக்கு அடையாளம், வேலை நடந்ததே யாருக்கும் தெரியாமலிருப்பது. மேலே இருப்பவர்கள் பொத்தானை அழுத்துவார்கள், கதவு திறக்கும், ஏறிக்கொண்டு மழையைப் பற்றிப் பேசுவார்கள். அதற்குமுன் ஒரு மனிதன் இருட்டுக் குழிக்குள் இறங்கி, கழற்றி, துடைத்து, மாட்டி, மூச்சுக் காட்டாமல் ஏறிப் போயிருப்பான். ஏதாவது உடைந்தால் சத்தமில்லாமல் சரிசெய்துவிடு என்று அவருடைய கைகளுக்குப் பழகிவிட்டது. அந்தப் பழக்கம்தான் இப்போது அவரைக் குழாயடியில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

மனைவி அருங்காட்சியகத்தில் தனித்தேனீக்களைப் படித்தவள். தேனீ என்றதும் அக்கம்பக்கத்தில் எல்லோரும் தேன் கேட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் காலி பாட்டிலோடேயே வந்துவிட்டார். "இதுங்க தேன் சேக்காது சார். கூட்டம் கிடையாது, ராணி கிடையாது. ஒவ்வொருத்தியும் தனியா மண்ணுல குழி தோண்டி, தனியா மகரந்தம் சுமந்து, முட்டை வச்சு மூடிட்டுப் போயிடுவா," என்று அவள் பொறுமையாக விளக்கினாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப உங்களுக்கு எதுக்கும்மா சம்பளம் குடுக்கறாங்க?" என்றார். அவளே அதை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஓய்வு பெற்ற பிறகும் பெட்டிகள் வீட்டுக்கு வந்தன. பின்னறையில் ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஒரு மைக்ராஸ்கோப், ஊசியில் குத்திய அரிசி அளவுப் பூச்சிகள். அந்த மேஜையைத் தொடாதீர்கள் என்பது ஒன்றுதான் இந்த வீட்டில் சட்டம். நாலு மாதத்துக்கு முன் அவள் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவர் அதை மீறினார். வரும்போது மேஜை பளிச்சென்று இருந்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார். துடைக்கிற துணி ஒரு சின்னப் பெட்டியின் மூலையில் மாட்டி இழுத்தது. காய்ந்த பூச்சியின் கழுத்து நூலைவிட மெல்லியது. மேஜைமேல் கடுகுபோல இரண்டு தலைகள் உருண்டன. பெட்டிக்குள் தலையில்லாத இரண்டு உடம்புகள் நின்றன.

இரண்டும் கறுப்பு. இரண்டும் ஒரே அளவு. எது யாருடையது என்று அவர் அரைமணி நேரம் பார்த்தார். பிறகு அவளுடைய பசையையே எடுத்து, அவளுடைய தூரிகையாலேயே தொட்டு, ஆளுக்கொரு தலையாக ஒட்டி வைத்தார். வேலை சுத்தமாக இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

வீடு திரும்பிய ஒன்பதாம் நாள் அவள் பின்னறையிலிருந்து கத்தினாள். "இங்க வாங்களேன்! உடம்பு ஒரு வகை, முகம் வேற ஒரு வகை. இப்படி ஒருத்திய நான் பாத்ததே இல்ல!" டாக்டர் கொடுத்த கெடு இரண்டு மாதம். அந்தப் பூச்சி அவளை நாலு மாதம் உட்கார வைத்தது. சாப்பிட்டாள், திட்டினாள், பாட்டுக்கூட முணுமுணுத்தாள். முகத்தை வைத்தே பெயரும் வைத்தாள். 'அகன்ற முகத்தவள்' என்று பொருள் வரும் பெயர். இன்று சொல்லிவிடுவோம் என்று அவர் காலையில் நினைப்பார். மாலையில், நாளைக்குப் பார்க்கலாம் என்று ஆகிவிடும். கடைசியில் அந்த அறைக்குள் போவதையே நிறுத்திவிட்டார். டீயைக் கொண்டுபோய் வாசலில் ஒரு ஸ்டூலில் வைத்து, கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். ஒரே வீட்டில் அவர் கூடத்தில், அவள் பின்னறையில். நடுவில் ஆறிப்போன டீ.

சொல்லாமலே விட்டுவிடலாம்தான். ஐந்து மணிக்கு ஒரு வரி அனுப்பிவிட்டால் அவள் நிம்மதியாகப் போவாள். ஆனால் அவள் 'மகானுபாவன்' என்று பெயர் வைத்திருந்த ஓர் ஆள் அவர் நினைவுக்கு வந்தான். எண்பது வருடத்துக்கு முன்பு இறந்துபோனவன். எங்கேயோ ஓர் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து, சரியாகப் பார்க்காமல், ஓர் இனத்தின் ஆணையும் இன்னோர் இனத்தின் பெண்ணையும் ஒரே பெயரில் முடிந்துவிட்டுப் போனவன். அந்த முடிச்சை அவிழ்க்க அவளுக்கு ஆறு வருடம் ஆயிற்று. ஆறு வருடமும் சாப்பாட்டு மேஜையில் அவனுக்கு அர்ச்சனை நடந்தது. "அச்சுல வந்துட்டா அழிக்க முடியாதுங்க. இருநூறு வருஷமானாலும் அந்தத் தப்பு அவன் பேரைச் சொல்லிட்டே இருக்கும்" என்பாள். இனி எவளோ ஒருத்தி, எந்த ஊரிலோ, சோற்றைப் பிசைந்துகொண்டே இவளை அப்படித் திட்டுவாள். அதை நினைக்க அவருக்குத் தாங்கவில்லை.

குழாயை மூடிவிட்டுத் திரும்பி வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஏன், பொண்ணு வரலையா?"

"வந்துட்டிருக்கா. அது இல்ல. அந்தத் தலை... அது அதோடது இல்ல."

அவள் கண்ணைத் திறந்தாள். அவர் மேஜை துடைத்ததிலிருந்து ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இதையா நாலு மாதம் தூக்கிச் சுமந்தோம் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

அவளுடைய மூச்சு கரகரவென்று ஏறி, நடுவில் நின்று, மறுபடி இறங்கியது.

"எந்தப் பசை?"

"என்னது?"

"எந்தப் பசையால ஒட்டினீங்க?"

"உன் சின்னப் புட்டில இருந்ததுதான்."

"எத்தனை தலை?"

"ரெண்டு."

"ரெண்டு!" அவள் எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் தலையணையில் சாய்ந்தாள். "ஆக, அடுத்தவ தலையப் பாத்துட்டு நாலு மாசம் கூத்தாடியிருக்கேன்."

"நீ சந்தோஷமா இருந்தே. அதான் வாய் வரல."

"சந்தோஷமா இருக்கணும்னா ஒரு பொம்மை வாங்கிக் குடுத்திருக்கலாமே!" இருமல் வந்தது. அவர் முதுகைத் தாங்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாள். அந்த ஒல்லிக் கையில் அவ்வளவு கோபம் மிச்சமிருந்தது. இருமி முடித்துவிட்டு, வேறு குரலில் கேட்டாள். "அதனாலதான் அந்த ரூம் பக்கமே வரலையா?"

"உன் முகத்தைப் பாக்க முடியல."

"நான் வேற நினைச்சுட்டேன்."

"என்ன நினைச்சே?"

"சீக்காளி வாடை உங்களுக்குப் பிடிக்கலைன்னு."

லிஃப்ட்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் ஓங்கி அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது. நாலு மாதமும் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் இதை நினைத்துக்கொண்டு டீ குடித்திருக்கிறாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். 

"கட்டுரை வேண்டாம்னு அவங்களுக்கு எழுதிடறேன்," என்று மட்டும் சொன்னார்.

"இருங்க." விரல் உயர்ந்தது. "தலை போனா போகட்டும். உடம்பு இருக்கில்ல? உடம்பு மட்டுமே புதுசா இருந்தா போதும். பேரை மாத்திக்கலாம். மார்புலேந்து படிங்க. மெதுவா."

அவர் படித்தார். மார்பின் முதுகுப்பக்கம் பொடிப் புள்ளிகள், மங்கல். சிறகின் நரம்புகள் பழுப்பு. வயிற்றின் பட்டைகள் நாலு, முதல் பட்டை நடுவில் அறுந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள், "ரெண்டு பேருக்கும் பொதுதான்" என்று தள்ளிக்கொண்டே வந்தாள். பின்னங்காலுக்கு வந்தார். "கால் மார்போடு சேரும் கணுவில் உள்ள சுருள் மயிர்க்கற்றை, வழக்கம்போல."

"என்ன போட்டிருக்கு?"

"வழக்கம்போல."

"இன்னொரு தடவை படிங்க."

படித்தார். அவள் முகம் கோணிக்கொண்டு வந்தது.

"அத நான் பாக்கல," என்றாள். "முகத்தைப் பாத்த மயக்கம். கால் மடங்கியிருந்துச்சு. ஊசியத் திருப்பி அடியில பாக்கணும்னா குனியணும், குனிஞ்சா வலிச்சுது. மத்ததுங்களுக்கு இருக்கற மாதிரிதானே இருக்கும்னு 'வழக்கம்போல'ன்னு எழுதிட்டேன். பாக்காம எழுதிட்டேங்க."

அவர் செய்ததைக் கேட்டபோது கோபப்பட்டவள், தான் செய்ததைக் கேட்டு அழுதாள். சத்தமில்லாமல், கண்ணோரம் வழிந்து காதுக்குள் இறங்கியது. அவர் போர்வை நுனியால் துடைத்துவிட்டார். இந்த முறை கை தட்டிவிடவில்லை.

"மகானுபாவன் வேலையப் பண்ணிட்டேன்," என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மைக்ராஸ்கோப்பை இங்க தூக்கிட்டு வாங்க. அதையும்."

நாலு மாதத்துக்குப் பிறகு பின்னறைக்குள் போனார். மேஜையில் அவள் கண்ணாடி மடித்து வைத்திருந்தது. மைக்ராஸ்கோப்பையும் விளக்கையும் முதலில் தூக்கிவந்து கட்டிலோரம் மேஜை போட்டு வைத்தார். பிறகு அவள் அந்தப் பூச்சியை மட்டும் தனியே எடுத்து வைத்திருந்த பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி, தளும்பத் தளும்ப நிறைந்த பாத்திரத்தைக் கொண்டுவருவதுபோல அடிமேல் அடி வைத்து வந்தார். அவளைத் தூக்கி நிமிர்த்தி, தோளில் சாய்த்துக்கொண்டு, கண்ணைக் குழலுக்கு நேராகக் கொண்டுபோனார். அவள் பார்த்தாள். இரண்டு தடவை இமையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"வெள்ளையா இருக்கு. ஒண்ணுமே தெரியல." சாய்ந்துகொண்டாள். "நீங்க பாருங்க."

"எனக்கு என்ன தெரியும் இதுல?"

"இருட்டுல கயத்துல ஒரு இழை அறுந்திருந்தாலும் கண்டுபிடிப்பீங்கள்ல? இதுவும் அதான். நல்லாக் கேளுங்க. அந்தக் கற்றையில மயிர் ஒவ்வொண்ணும் வெறும் நூல் மாதிரி இருந்தா, உடம்பும் பழசு. ரெண்டும் ஏற்கெனவே பேரு வச்ச பூச்சிங்கதான். எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுடலாம். ஒவ்வொரு மயிரும் இறகு மாதிரி கிளை விட்டிருந்தா, அந்த மாதிரி உடம்போட அந்த மாதிரிக் கற்றை யாரும் பாத்ததில்ல. தலை யாரோடதா இருந்தாலும் இவ புதுசு. புரிஞ்சுதா?"

"நூலா, இறகா."

"அவ்வளவுதான்."

கல்யாணமாகி முப்பத்துமூன்று வருடம். அந்தக் குழலுக்குள் அவர் ஒருமுறைகூடக் கண்ணை வைத்ததில்லை. அவள் கூப்பிட்ட காலத்தில், எல்லாம் ஒரே மாதிரி பூச்சிதானே என்று சிரித்துவிட்டுப் போயிருக்கிறார். பிறகு அவள் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். இப்போது முதலில் தெரிந்தது அவருடைய சொந்த இமைமயிர்தான். கண்ணைக் கொஞ்சம் விலக்கினார். சக்கரத்தை ஒரு பல் அளவுக்குத் திருப்பினார். வெளிச்சத்துக்குள்ளிருந்து திடீரென்று ஒரு தோள் எழுந்து வந்தது. அரிசி அளவுப் பூச்சிக்கு இத்தனை பெரிய தோளா என்று கண்ணை எடுத்து ஊசியைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்.

"கழுத்து தெரியுது. பசை மினுங்குது."

"எப்படி ஒட்டியிருக்கு?"

"நேராத்தான் இருக்கு."

"சுத்தமா ஒட்டியிருக்கீங்க, பாழாப்போன கை," என்றாள். அது திட்டா பாராட்டா என்று அவர் கேட்கவில்லை.

போன் அடித்தது. மகள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மறுபடி குனிந்தார். ரயில் சத்தத்துக்கு மேலே மகளின் குரல் கேட்டது. "அப்பா, அம்மா என்ன பண்றாங்க?"

"வேலை," என்றார்.

"வேலையா? என்னப்பா சொல்றீங்க? அம்மா பேசுவாங்களா?"

"ஆறு மணிக்கு வந்து பேசு கண்ணு," என்று மனைவி கட்டிலிலிருந்து சொன்னாள். குரல் போனுக்கு எட்டியிருக்குமா என்று தெரியவில்லை. தொடர்பு அறுந்துபோயிற்று.

"ஊசியத் திருப்புங்க. வயிறு மேல வரணும். தலையத் தொடாதீங்க, தொட்டா மறுபடியும் கழண்டுக்கும்."

திருப்பினார். குழலுக்குள் எல்லாம் புரண்டு, பழுப்பாகவும் கறுப்பாகவும் ஓடி நின்றது. அவர் தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னார். ஒரு முழங்கால். அதற்குக் கீழே அடர்த்தியாக மயிர். மயிருக்குள் மஞ்சளாக மணி மணியாக என்னமோ.

"மகரந்தம். குழிக்குத் திரும்பிப் போற வழியில பிடிச்சிருப்பாங்க."

"ஒன்பது வருஷமா அப்படியேவா இருக்கு?"

"யார் வந்து இறக்கி வைக்கப்போறா? மேல போங்க. காலோட மேல. மார்போட சேர்ற இடம்."

மேலே போனார். காலின் நிழல் விழுந்து அந்த இடம் இருட்டாக இருந்தது. விளக்கின் கழுத்தை வளைத்தார். அங்கே ஒரு சுருள் இருந்தது. காதோரம் சுருண்டு நிற்கும் முடிபோல, ஆனால் ஒரே கலங்கல். சக்கரத்தைத் திருப்பினால் சுருள் மறைந்து பின்னாலிருக்கும் வயிறு தெளிந்தது. எதிர்ப்பக்கம் திருப்பினால் இரண்டுமே போயிற்று. கொஞ்சம் திருப்ப நினைத்தால் சக்கரம் அதிகமாக ஓடியது. எழுபது கிலோ எந்திரத்தை ஒற்றைக் கையால் தாங்கிய கை அது. முழங்கையை மேஜையில் ஊன்றினார்.

"கிடைச்சுதா?" அவள் குரல் மெலிந்து, தூரத்திலிருந்து வருவதுபோல் வந்தது.

"இரு, வருது. ஓரம் தெரியுது."

"அவசரமில்ல. நல்லாப் பாத்துச் சொல்லுங்க. 'வழக்கம்போல'ன்னு மட்டும் சொல்லாதீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கண் அசைந்துவிடும் என்று அடக்கிக்கொண்டார். பக்கத்தில் அவளுடைய மூச்சு கரகரவென்று ஏறியது. சக்கரத்தை மயிரிழை அளவுக்கு நகர்த்தினார். இன்னொரு மயிரிழை. இன்னும் ஒன்று. அப்போது கலங்கல் விலகி, சுருள் முழுசாக வெளிச்சத்துக்கு வந்து நின்றது. ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒவ்வொன்றின் இரண்டு பக்கமும் அடியிலிருந்து நுனிவரை சின்னச் சின்னதாகக் கிளை விட்டிருந்தது.

"கிளை இருக்கு," என்றார்.

பதில் வரவில்லை.

"இறகு மாதிரிதான். ரெண்டு பக்கமும். எல்லா மயிர்லயும் இருக்கு."

மாடிவீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். தெருவில் ஒரு வண்டி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. இதெல்லாம் இவ்வளவு தெளிவாக எப்படிக் கேட்கிறது என்று அவருக்குத் தோன்றியது. மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. ஏறிய மூச்சு இறங்குவதற்காக அவர் காத்திருந்தார்.

"உன்னோடது புதுசுதான்," என்று, அடுத்த அறையில் இருப்பவருக்குச் சொல்வதுபோல, கொஞ்சம் உரக்கச் சொன்னார். "கேக்குதா? கிளை இருக்கு."

எத்தனை கிளை என்றுதான் அவள் அடுத்து கேட்பாள். எதையும் எண்ணாமல் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. அவர் நிமிரவில்லை. முழங்கையை இன்னும் அழுத்தி ஊன்றிக்கொண்டு, கண்ணைக் குழலிலிருந்து எடுக்காமல், ஓரத்திலிருந்த முதல் மயிரில் தொடங்கி ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார்.